இருட்டில் சிரித்த ராமையா

பதுளையில் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில், ஃபிலிமை விட்டு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவுக்கு மாறிய முதல் வருஷம் அது. தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கல்யாணம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் தார்ப்பாய்ப் பந்தல். விடியற்காலை முகூர்த்தம், விடாத மழை.

தாலி கட்டி முடிந்து, மணமக்கள் பெரியவர்கள் காலில் விழும் நேரம் கரண்ட் போய்விட்டது. குத்துவிளக்கு மட்டும்தான். பெண்ணின் அப்பா ராமையா நெஞ்சு நோய்க்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். மகள் செல்வராணி குனிந்ததும் அவர் முகம் மலர்ந்து சிரித்தார். நான் பட்டனை அழுத்தினேன். ஃபிளாஷ் சார்ஜ் ஏறவில்லை. இருட்டிலும் படம் விழ வைக்கும் ஐ.எஸ்.ஓ.வைக் கடைசிவரை ஏற்றி இன்னொன்று எடுத்தேன். அதற்குள் இருமல் வந்து, அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அன்றைக்கு அவரை எடுத்தது அவ்வளவுதான்.

அடுத்த மாதமே அவர் போய்விட்டார். செல்வராணி கடைக்கு வந்தாள். சுவரில் மாட்டப் பெரிய படம் வேண்டுமாம். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினேன்.

"என்னங்கண்ணே, அப்பா மூஞ்சில மணலள்ளிக் கொட்டுன மாதிரி இருக்கு?"

"வெளிச்சம் பத்தலம்மா. இந்தக் கேமரா இருட்டுல இப்படித்தான்."

"எப்படியாச்சும் சரிபண்ணிக் குடுங்க. அப்பா சிரிச்ச படம் வேற கெடையாது."

கழுத்து வலிக்க உட்கார்ந்து புள்ளிகளை அழித்தேன். புள்ளியோடு சுருக்கமும் போனது, கன்னத்துக் குழியும் போனது. மறுபடி வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரோ மாதிரி இருக்குங்க" என்றவள், பையிலிருந்து அவருடைய அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். "இதையே பெருசாக்கிடுங்க. சிரிக்கலேன்னாலும் அப்பாவா இருக்காரு."

அந்த வருஷக் கடைசியில் கொழும்பிலிருந்து கேமரா விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்து, ஊவா மாகாணப் படப்பிடிப்பாளர்களை ஓர் ஓட்டலில் கூட்டினார். "அடுத்த மாடல்ல உங்களுக்கு என்னென்ன வேணும்? சொல்லுங்க, மேலே அனுப்புறோம்" என்றார். ஒருவர் மெகாபிக்சல் கூட வேண்டும் என்றார். இன்னொருவர் வீடியோவும் எடுக்க வேண்டும் என்றார். அப்புத்தளைக்காரர், பனியில் நனைந்தாலும் நின்றுபோகாத கேமரா கேட்டார். என் முறை வந்தது.

"வெளக்கு வெளிச்சத்துல ஒரு மொகம் மொகமாத் தெரியணுங்க."

"அதுக்குத்தானே ஃபிளாஷ் இருக்கு, அண்ணன்?"

எல்லோரும் சிரித்தார்கள். டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

சில வருஷத்தில் நான் கேட்ட அந்தக் கேமராவும் வந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் முகம் சுத்தமாக விழுந்தது. புதுக் கேமராவில் எடுத்த முதல் கல்யாணப் படங்களைக் கடைப் பையன்கள் திரையில் போட்டு ஆரவாரம் செய்தார்கள். நான் ராமையாவை நினைத்துக்கொண்டே எழுந்து வீட்டுக்குப் போனேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கல்யாண வீட்டில் கால் வைத்ததும் நான் முதலில் கேட்பது, "வீட்டுல முடியாதவங்க யாரும் இருக்காங்களா?" என்பதைத்தான். பொண்ணு அங்கே காத்திருக்க, இவர் கிழவரை எடுக்கிறாரே என்று சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். நாற்காலியோடு தூக்கிவந்து வாசலில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வார்த்தை பேசுங்கள், சிரிக்கட்டும். பகல் வெளிச்சத்தில் எந்தப் பழைய மாடலிலும் முகம் நன்றாகவே விழும்.