பிலோமினா அக்காவும் மொழி என்ற கட்டமும்

வெள்ளிக்கிழமை காலை சுவாமி அறையில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தபோது பிலோமினா அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மமோன் எ பார்த்தி" என்றான். என்னுடைய பிரெஞ்சு நானாகப் படித்த பிரெஞ்சு. அம்மா எங்கோ புறப்பட்டுவிட்டார் என்றுதான் விளங்கிக்கொண்டேன். "எங்கை தம்பி, கடைக்கோ?" என்று கேட்டேன். பிறகு தமிழில் சொன்னான்.

"அம்மா செத்திட்டா, அன்ரி."

செத்தவீட்டில் முதல் குசுகுசுப்பு அதைப் பற்றித்தான். பெற்ற தாயை இப்படியா சொல்வது, 'மோசம் போயிட்டா' என்று சொல்லத் தெரியாதா, ஊர்ப் பிள்ளைகளின் தமிழுக்காக லிசே என்கிற உயர்தரப் பள்ளியின் வாசலில் நின்றவர் தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையா என்றார்கள். அடுத்த பேச்சு, "இனி ஆர் அந்தத் தமிழ் வகுப்பைக் கொண்டுபோறது? இதோடை விடுவம்" என்பது. இரண்டையும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அந்தப் பிள்ளை பிரெஞ்சிலேயே சொல்லி முடித்திருக்கலாம். எனக்கு விளங்கவில்லை என்றதும் தன்னிடம் இருந்த ஒரே சொல்லைத் தேடி எடுத்துத் தந்தான். அதில் குறை கண்டுபிடிக்க எனக்கு மனம் வராது.

லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் காய்கறி வாங்கியவர்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். மன்னார் மனுசி, கழுத்தில் சிறிய சிலுவை, கல்லாவில் இருந்தபடியே "முருங்கைக்காயை முறிச்சுப் பாக்காதேங்கோ, அது உங்கட வீட்டு மரமில்லை" என்று கடை முழுக்கக் கேட்க அதட்டும் குரல். அந்தக் குரல் லிசேக்குள் எப்படிப் போனது என்பது பலருக்குத் தெரியாது. அதற்குக் காரணம் நான் செய்த பிழை.

என் மகள் துளசி உயர்தரப் பரீட்சைக்கு, பக் என்கிறார்களே அதற்கு, தமிழையும் ஒரு மொழியாக எடுக்க விரும்பினாள். முடியாது என்றார்கள். அவள் பேசும் மொழிக்குப் பரீட்சையே இல்லையாம். கடையில் நின்று இதைச் சொல்லி அழுதேன். "கொப்பியைக் காட்டும்" என்றார் அக்கா. எந்தக் கடிதாசியை யாருக்குக் கொடுத்தாலும் பிரதி எடுத்து, திகதி போட்டு வைப்பது என் வழக்கம். எடுத்துக் கொடுத்தேன். விண்ணப்பத்தில் 'வீட்டில் பேசும் மொழி' என்ற கட்டத்தில், என் கையாலேயே, அழகான எழுத்தில், 'ஸ்ரீலங்கே' என்று எழுதியிருந்தேன்! விசா அட்டைக்கும் வைத்தியசாலைக்கும் எழுதி எழுதிப் பழகிய கை, மொழி கேட்ட இடத்திலும் நாட்டை எழுதிவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. "நாட்டுக்குப் பேர் வேறை, நாக்குக்குப் பேர் வேறை, தங்கச்சி" என்றார். பிறகு வீடு வீடாகத் தொலைபேசி எடுத்தார். எங்கள் லிசேயில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு மேல் என்னைப் போலவே எழுதியிருந்தன.

அடுத்த வாரம் லிசே அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். செயலாளர் அம்மா கணினியில் தேடிவிட்டு, 'ஸ்ரீலங்கே' என்று ஒரு மொழி பட்டியலில் இல்லை என்றார். "அப்பிடி ஒரு மொழி உலகத்திலேயே இல்லை, மதாம். 'தமூல்' எண்டு தேடுங்கோ" என்றார் அக்கா, தமிழின் பிரெஞ்சுப் பெயரைச் சொல்லி, தன் உடைந்த பிரெஞ்சில். இருந்தது. துருக்கி மொழிக்குச் சற்று மேலே, எப்போதும் இருந்திருக்கிறது. வெளியே வந்ததும் எனக்கு வெட்கமும் கோபமும். அக்காவுக்குப் பசி. பாண் வாங்கித் தின்றுகொண்டே, "பாத்தீரே, அவை ஒளிக்கேல்லை. நாங்கள்தான் கேக்கேல்லை" என்றார்.

அதன் பிறகு புதன் பிற்பகலில் தமிழுக்கு ஓர் அறை கிடைத்தது. பாண்டிச்சேரிப் பூர்வீக ஆசிரியை ஒருவர் படிப்பிக்க வந்தார். ஆண்டுதோறும் பெற்றோர் ஒருவர் பொறுப்பாளராகக் கையெழுத்திட வேண்டும். அக்கா இட்டார்.

தன் மகன் படித்து முடித்துப் போன பின்னும் இட்டார். பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு தகப்பன் எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: "உம்மட பெடியனே நீர் தமிழிலை கேட்டால் 'உய்' எண்டு பிரெஞ்சிலைதானே சொல்லுறான். நீர் ஆர் எங்களுக்குச் சொல்ல?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "ஓம் அண்ணை. என்ரை வீட்டிலை நான் தோத்திட்டன். அதாலைதான் உங்கட வீட்டுக்கு வாறன்" என்றார். அந்த மனிதரின் இரண்டு பிள்ளைகளும் அடுத்த புதன் வகுப்பில் இருந்தார்கள்.

லிசேயில் உலக மொழிகள், பண்பாடுகள் நாள் என்று ஒன்று வைத்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் சமோசாவும் ஒரு நடனமும் கொண்டுவரலாமே என்று ஒரு நல்ல மனம் படைத்த ஆசிரியை கேட்டார். "ஜேர்மன் படிக்கிற பிள்ளையளிட்டை சொசேஜ் கேட்டனீங்களோ, மதாம்?" என்றார் அக்கா. ஆசிரியை சிவந்துபோனார். அந்த நேரம் அக்காவுக்குக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. "ஓம்... ஓம்... ஓம்" என்று ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வைத்ததும், சிலுவையைப் பார்த்துவிட்டு ஆசிரியை மரியாதையாகக் கேட்டார்: "நீங்கள் தியானமும் செய்வீர்களா?"

அக்கா சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. அன்றே முடிவெடுத்தார். எங்கள் மேசையில் சாப்பாடு இல்லை. 'ஓம்' என்று பெரிதாக எழுதிய ஒரு மட்டை, அதன் கீழ் அதே சொல் பிரெஞ்சில், 'உய்'. வந்தவர்களிடம் பிள்ளைகள் தமிழில் கேள்வி கேட்டுப் பொருள் சொல்ல, அவர்கள் 'ஓம்' என்று பதில் சொன்னார்கள். அதிபரும் சொன்னார். எனக்கு மட்டும் நெருடியது. நான் காலையில் கண்மூடிச் சொல்லும் பிரணவம் அது, மட்டையில் எழுதி விளையாடுவதா என்று கேட்டேன். "உமக்கு அது மந்திரம், எனக்கு அது சம்மதம். ரெண்டும் ஒரே வாயாலைதானே வருது" என்றார். அதற்குப் பிறகு 'ஓம்' என்று யாருக்குப் பதில் சொன்னாலும் கொஞ்சம் கவனமாகவே சொல்கிறேன்.

துளசி பக்கில் தமிழ் எடுத்தாள். தமிழால் என்ன வேலை கிடைக்கும் என்று இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும்.

அக்காவின் பூசைக்குத் தேவாலயம் போனேன். எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். வீட்டில் முருகனுக்கு முன்னால் அவருக்கும் ஒரு விளக்கு வைத்தேன். திங்கட்கிழமை லிசேக்குப் போனேன். வகுப்பை நிறுத்துவதாக அறிவிக்கத்தான் வந்திருக்கிறேன் என்று செயலாளர் அம்மா நினைத்துவிட்டார். அனுதாபம் சொல்லி, அறையை வேறு குழுவுக்குக் கொடுக்கலாம் என்றார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். அலுவலகங்களில் நாங்கள் எல்லாரும் வாசலிலேயே 'பார்தோன்' என்று மன்னிப்புக் கேட்டுத் தொடங்கி, நின்றபடியே பேசி, நின்றபடியே திரும்புவோம். அக்கா 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொல்வார், கதிரையை இழுப்பார், இருப்பார். "நிண்டு கதைச்சால் கெதியா அனுப்பிப்போடுவினம். இருந்து கதையும்" என்பார். அன்று யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை. நான் இருந்தேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்தேன். புதன்கிழமை அறை திறந்திருக்கும். விடுவம் என்று சொல்கிறவர்கள் அங்கே வந்து, எனக்கு முன்னால் இருந்து சொல்லட்டும்.