ஓசூரில் ஒரு கொடை ஓட்டம்

மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போன ஒரு காலையில், கேட்டில் புதுப் பேனர் கட்டியிருந்தார்கள். ‘கொடை ஓட்டம்’ என்று பெரிய எழுத்து. பக்கத்தில் நின்ற கன்னடக்கார அம்மா ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “கொடை புடிச்சிக்கினு ஓடணுமா? மழையே காணோமே!” என்றார். கன்னடத்தில் கொடெ என்றால் குடை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் நான் புரிந்துகொண்டதும் தப்புத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் கொடை என்றால் கோயில் திருவிழா. வீட்டுக்கு வீடு வரி கொடுப்போம். கொடுத்தவரும் கொடுக்க முடியாதவரும் ஒரே பந்தியில் உட்கார்வோம். அம்மனுக்குச் சாத்திய பட்டுச் சேலையை உருவிக்கொண்டு போக எவனுக்கும் மனசு வராது. ஊரில் இருக்கிற பிள்ளைகளே, உங்களுக்கு இது சொல்லாமலே தெரியும். இங்கே வளர்கிற என் மகள் செல்விக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மஞ்சுதான் அந்தப் பேனர் விஷயத்தை விளக்கினார். அவர் ஓசூர்க்காரர்; இந்தப் பக்கம் மஞ்சு என்பது ஆண்பிள்ளைப் பெயர். நான் கம்பெனி வேலைக்கு வந்த புதிதில் எனக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர். செல்விக்கு இந்தப் பள்ளியில் இடம் வாங்கித் தந்தவரும் அவரே. பெற்றோர் சங்கத்தில் அவர் சொன்னால் நடக்கும். “ஃபிட்னஸ் சேலஞ்ச் ணா. ஒரு மாசம் குடும்பத்தோட காலையில ஓடணும். ஓடுற குடும்பம் முடிஞ்சதக் குடுக்கணும். உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு கவர்மெண்டு ஸ்கூல் இருக்குது, அந்தப் புள்ளைங்களுக்கு அதுல ஷூ” என்றார்.

ஷிப்டு முடிந்து வந்து படுத்தவனை செல்வி இழுத்துக்கொண்டு போவாள். ஏரிக்கரையில் நான் மூச்சு வாங்க, அவள் திரும்பி நின்று, “அப்பா, ஆமையே உங்கள முந்திடும்” என்பாள். எங்கள் தெருவில் ஒருவர் அடி எண்ணும் போனைக் குழந்தையின் தூளியில் கட்டி ஆட்டியே நடந்த கணக்கு ஏற்றிக்கொண்டார். நாங்கள் நிஜமாகவே ஓடினோம். எங்கள் ஊர்க் கொடைக்குக் காப்புக் கட்டி விரதம் இருப்பதைப் போலத்தான் அந்த மாதத்தை நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒரு சனிக்கிழமை, மஞ்சு சொல்லி, நானும் செல்வியும் அந்த அரசுப் பள்ளிக்குப் போனோம். பிள்ளைகளைப் பழைய பேப்பரில் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டோம். எங்கள் அப்பா செருப்பு வாங்கச் சந்தைக்குப் போகும்போது எங்கள் காலை அளந்தது அப்படித்தான். லட்சுமி என்ற சின்னப் பெண், பென்சில் பட்டுக் கூச்சத்தில் நெளிந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். “நிஜங்கா இஸ்தாரா?” என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. “நெஜமாவே குடுப்பாங்களான்னு கேக்குறாப்பா” என்றாள் செல்வி. “கட்டாயம் குடுப்போம்மா” என்றேன். வாக்கு நான் கொடுத்தது.

விழா நாளில் அந்தப் பிள்ளைகளை வேனில் கூட்டிவந்து மேடையில் உட்காரவைத்தார்கள். பெட்டி பெட்டியாகப் புது ஷூ. பெற்றோர் சிலர் மண்டியிட்டு மாட்டிவிட்டோம். லட்சுமிக்கு நான். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் புகுந்தது. நாங்கள் எடுத்துக்கொடுத்த அளவு எங்கே போனது என்று நான் யோசிக்கும்போதே படம் எடுத்து முடித்துவிட்டார்கள். “அளவு மாத்தித் தரணும் ணா, சீக்கிரம் கழட்டுங்க” என்றார் மஞ்சு. பெரிதாகத்தானே இருக்கிறது, நம்பினேன். நாடாவை அவிழ்த்தேன். லட்சுமி தானாகவே அடுத்த காலையும் நீட்டினாள்.

பெட்டிகள் ஒரு கடை வண்டியில் ஏறின. வண்டி கிளம்பிவிட்டது. பிள்ளைகள் வெறுங்காலோடு வேனில் ஏறினார்கள்.

“மஞ்சு, மாத்துன ஷூ எப்ப வரும்?”

“அது போட்டோக்காகக் கடையில கேட்டு வாங்கினது ணா. ஸ்பான்சர் யாராச்சும் வந்தா பாக்கலாம். பணத்துக்கு நம்ம ஸ்கூல்லயே ஜிம் வெக்கிறாங்க.”

“அந்தப் பிள்ளைக கிட்ட நான் சொல்லிட்டு வந்திருக்கேனே!”

“ஏன் ணா இதுக்குப் போயி முகத்தத் தூக்குறீங்க? நம்ம புள்ளைங்களுக்குத்தான செய்யறோம். ஒங்க பொண்ணும்தான் அதுல வெளாடப்போகுது.”

ஊர் தெரியாத எனக்கு வழி காட்டிய கை, இப்போதும் அதே பிரியத்தோடு என் தோளில் இருந்தது. பகையாளி செய்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு ஆறியிருப்பேன். ‘நம்ம’ என்று அவர் சொன்னதில் என்னையும் சேர்த்திருந்தார். இந்த ஊரில் அந்த ஒரு சொல்லுக்காக எத்தனையோ காலம் காத்திருந்தேன். அது இப்படியா வந்து சேர வேண்டும்?

நான் வீடு திரும்புவதற்குள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் படம் வந்து, விவரம் அறியாத என் மனைவி அதை ஊருக்கும் அனுப்பிவிட்டாள். தங்கச்சி போன் செய்தாள். “அண்ணே, அங்கயும் கொடை நடத்துதியளா? எல்லாரும் ஒங்களப் பத்திதான் பேசுதாவ.” அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

செல்வி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இதுல நீங்க மாட்டிவிடுறீங்களா, கழட்டுறீங்களா?”

வாங்கிப் பார்த்தேன். தெரியவில்லை. எங்கள் ஊரில் அதை மாட்டிவிடுகிற படமாகப் பார்க்கிறார்கள். லட்சுமி வீட்டில் பார்த்தால் கழற்றுகிற படம்தான். நடுவில் நான் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறேன், நாடாவின் ஒரு நுனி இந்தக் கையில், மறு நுனி அந்தக் கையில்.