அப்பா தம் வயிற்றில் பார்த்த பத்தியம்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. திதிக்கு வரும் சொந்தக்காரர்கள் கையில் நாலு பக்கம் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று தம்பி ஆசைப்பட்டான். கூட இருந்து மருந்து அரைத்தவள் நீதானே அக்கா, நீயே எழுது என்றான். அசதியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது சேரன்மகாதேவியில், பரம்பரையான ஆயுர்வேத வைத்தியர் வீட்டில். ஆற்றுத் தண்ணீரும் நெல்லுச்சோறுமாக வளர்ந்த உடம்பு. இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயம், ஒரே ஊரில் பெரியப்பாவும் தாமும் வைத்தியம் பார்ப்பது சரிப்படாது என்று அப்பா எங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ராதாபுரம் பக்கம் வந்துவிட்டார்கள்.

மருந்தைவிடச் சாப்பாட்டைத்தான் அப்பா நம்பினார்கள். முன் உண்டது செரித்த பிறகே அடுத்த வேளை. வயிற்றில் பாதி அன்னத்துக்கு, கால் பங்கு தண்ணீருக்கு, மிச்சம் காற்றுக்கு. இரவில் தயிர் ஆகாது. வாதம், பித்தம், கபம் இவற்றில் எது மிஞ்சியதோ, அதைத் தணிக்கும் சுவை. சேரன்மகாதேவியில் இதைச் சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். இந்தப் பனங்காட்டில் ஒருவர் சிரித்துவிட்டார்.

"முன்ன தின்னது நேத்தைக்கே செரிச்சுப் போச்சு, வைத்தியரையா. அடுத்ததுக்குத்தாம் வழியக் காணும்" என்றார்.



அந்த வருஷ மழைக்காலத்தில் பேச்சித்தாய் என்ற பெண் வந்தாள். பனையேறியான அவள் புருஷனுக்கு வயிற்றுக் கழிச்சல் கண்டு, மருந்தில் அது நின்றும், உடம்பு ஒடுங்கிக் கிடந்தது. பழைய அரிசியில் கஞ்சி வைத்து, பாசிப்பயற்றுத் தெளிவும் கொஞ்சம் நெய்யும் சேர்த்துக் கொடு என்றார்கள் அப்பா.

"அரிசிக்கு நான் எங்கன போவேன்? எங்க பானையில கம்புதாம் கிடக்கு. அது ஆகுமா, ஆகாதா? அதச் சொல்லுங்க."

"கம்பங்கஞ்சியே குடு" என்று அப்பா சொல்லி அனுப்பினார்கள். எப்படிக் காய்ச்சுவது என்று அவளும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. அப்பாவின் ஏடுகளில் அது இல்லை. அவள் வீட்டில் வழக்கமாகக் கிண்டும் கூழையே கரைத்துக் கொடுத்தாள். கழிச்சல் திரும்பியது. அவன் போய்விட்டான்.

சாவுவீட்டில் துஷ்டி கேட்டுத் திரும்பிய அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்கள். மறுநாள் அம்மாவிடம், "இனி எனக்குக் கம்பு போதும்" என்றார்கள்.

"புள்ளைகளுக்கு?"

"அதுகளுக்கு அரிசியே வடி. எது ஒத்துக்கிடுது, எது ஒத்துக்கிடலன்னு என் வயித்துல பாக்கணும்."

அன்றிலிருந்து அம்மாவுக்கு உலக்கைதான் துணை. தவிட்டோடு ஒரு முறை, தவிடு போக்கி ஒரு முறை, புளிக்கவைத்து, வறுத்து, சுக்குப் போட்டு என்று விதவிதமாகக் காய்ச்சச் சொல்லிக் குடித்துவிட்டு, அப்பா வயிற்றைத் தடவியபடி உட்கார்ந்திருப்பார்கள். வலி வந்தால் வாயைத் திறக்க மாட்டார்கள். அம்மாவுக்கு முகம் பார்த்தே தெரிந்துவிடும்.

"ஊராரு வயித்துக்கு நீங்க வைத்தியம் பாக்குதீக. உங்க வயித்துக்கு யாரு பாப்பா?"

"இது கொஞ்சம் பொறுத்துக்கிடும்" என்பார்கள்.

கடைசியில், உமி தவிடெல்லாம் போகக் குத்தி, நீர்க்கக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, வறுத்த சீரகமும் உப்பும் போட்ட மோர் கலந்தால் நொந்த வயிறும் தாங்கும் என்று கண்டார்கள்.

அடுத்த வருஷம் பேச்சித்தாய் கழிச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மறுபடி எங்கள் வாசலுக்கு வருவாள் என்று நாங்கள் நினைக்கவில்லை. அப்பா நாடி பார்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பாமல் எங்கள் அடுப்பிலேயே கஞ்சி வைத்து, பையப் பைய அப்பாவே புகட்டினார்கள். பிள்ளை பிழைத்தது. பேச்சித்தாய் அம்மாவிடமிருந்து உலக்கையை வாங்கி, மிச்சக் கம்பைக் குத்திக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆனால் நாளாக நாளாக அப்பாவின் வயிறு பொறுத்துக்கொள்ளவில்லை. குன்மம், வயிற்றுப்புண் முற்றியது என்று பெரியப்பா மருந்து அனுப்பினார்கள். கடைசி மாதங்களில் மோர்த் தெளிவுகூட நிற்கவில்லை. அம்மா கரண்டியும் கையுமாகப் பக்கத்திலேயே இருந்தார்கள். ஒரு விடியற்காலையில் எல்லாம் அடங்கியது.

மருந்து அனுப்பிய பெரியப்பாவுக்கும், அப்பாவைத் தூக்கிச் சென்ற ஊராருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நமஸ்காரம். கைம்மாறு செய்ய எங்களிடம் ஒன்றுமில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்தாள். மாமியாருக்குச் சீக்கு, வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்றாள். அம்மா படுத்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

"அவுக இல்லம்மா. போயி வருசமாச்சு."

அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். அம்மா சுவரைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"எம்புட்டு தூரம் நடந்து வந்த? காலையில என்ன சாப்பிட்ட?"

அவள் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

"உள்ள வா. முதல்ல நீ சாப்பிடு. மாமியாருக்கு என்ன குடுக்கணும்னு பொறவு நான் சொல்லுதேன்."

பேனாவை வைத்துவிட்டு நான் அடுப்பை மூட்டப் போனேன்.