பேசி முடித்த பிறகு யாரைப் பார்ப்பது

பிலோமினா இறந்துவிட்டார் என்ற செய்தி, அவருடைய துறைத் தலைவனான எனக்கு வருவதற்கு முன்பே எங்கள் பல்கலைக்கழகப் பீடத்தின் கன்டீன்காரருக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை தேநீர் வாங்கப் போனேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சேருக்குத் தெரியாதா?" என்று சிங்களத்தில் கேட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், ஞாயிறு இரவு மாரடைப்பில் போய்விட்டார். வீட்டுக்குப் போன் எடுத்தால் என் மனைவிக்கும் தெரிந்திருந்தது. நான் புறப்பட்டுப் போன பிறகு பிலோமினாவின் தங்கை அவளிடம் பேசியிருக்கிறார். பீடத்தில் எனக்கு முதலிலேயே சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாளாம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்து கடைசியில்தானா எனக்கு என்று கோபம்தான் வந்தது. துக்கம் தேநீர் ஆறிய பிறகு வந்தது.

அவருடைய நினைவாக எங்கள் முகாமைத்துவ பீடம் வெளியிடும் மலருக்கு நீங்கள் எல்லோரும் எழுதுகிறீர்கள். அவருடைய அன்பு, எளிமை, மாணவர்மீது வைத்திருந்த அக்கறை எல்லாவற்றையும் நீங்கள் எழுதிவிடுவீர்கள். அவையெல்லாம் உண்மைதான். எனக்கு மிச்சமிருப்பது என் பொறாமை. அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஒருவர்மீது பொறாமைப்பட வேண்டுமென்றால் அவரை விடாமல் கவனிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்தப் பீடத்தில் அவரை என் அளவுக்கு அறிந்தவர் வேறு யாரும் இல்லை.

யட்டியாந்தோட்டையில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள் நாங்கள் இருவரும். இருவர் வீட்டிலும் ரப்பர் பால் வெட்டித்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடம். நான் ஒரு வகுப்பு மேலே. பல்கலைக்கழகத்துக்கு முதலில் போனவன் நான். கலாநிதிப் பட்டம் முதலில் வாங்கியவனும் நான். ஆனாலும் ஊருக்குப் போனால் கோயில் வாசலில் என்னைப் புதியவர்களுக்கு எப்படி அறிமுகப்படுத்துவார்கள் தெரியுமா? "நம்ம பிலோமினா இருக்கால்ல, அது வேலை பாக்குற எடத்துலதான் இவரும் இருக்காரு." பிலோமினா எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாதா கோயிலுக்குப் போகிறவர்.

ஆய்வுத் துறையில் அவரை ஊரறியச் செய்த வேலையை நாங்கள் சேர்ந்துதான் தொடங்கினோம். எங்கள் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் மரங்களைத் தொழிலாளர் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர். மழை நாளிலும் பால் வெட்ட வசதியாக மரத்தைச் சுற்றிக் கட்டும் பொலித்தீன் கவசத்தை நிர்வாகம் புதிதாகக் கொண்டுவந்தது. சில குழுக்கள் அதைக் கட்டின. சில குழுக்களிடம் அது விறகை மூடிக் கிடந்தது. புத்தாக்கம் ஓரிடத்தில் ஏன் வேர் பிடிக்கிறது, இன்னோரிடத்தில் ஏன் பிடிப்பதில்லை என்பதுதான் எங்கள் கேள்வி. நான் மாதக்கணக்கில் உழைத்து ஒரு வினாக்கொத்துத் தயாரித்திருந்தேன். அப்படியொரு வினாக்கொத்தை இன்றைக்கும் யாரும் தயாரித்துவிட முடியாது.

பகலில் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் முதல் கூட்டம் நடந்தது. குழுத் தலைவர் முருகையா நன்றாகப் பேசினார். நான் தலை நிமிராமல் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். பிலோமினா ஒன்றும் எழுதவில்லை. தொட்டிலில் இருந்த குழந்தையை ஆட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். முருகையா பேசி முடித்ததும் எங்கிருந்தோ "ஹரி" என்று ஒரு குரல் கேட்டது. சரி என்பதற்குச் சிங்களத்தில் சொல்லும் சொல்தான். எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். வெளியே வந்ததும் முருகையாவின் தலைமைத்துவத்தை நான் புகழ ஆரம்பித்தேன்.

"அண்ணே, அவரு பேசி முடிச்சதும் எல்லாரும் எங்க பாத்தாங்கன்னு பாத்தீங்களா?" என்று கேட்டார் பிலோமினா.

நான் எங்கே பார்த்தேன்? கதவோரம் பால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்த சோமாவதியை எல்லோரும் பார்த்தார்களாம். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து வந்து நம் ஆட்களோடு பால் வெட்டுகிற பெண். முருகையா ஒரு மணி நேரம் பேசியதை நிறைவேற்றிய "ஹரி" அவருடையது. அன்றைக்குப் பிலோமினா சொன்னதை நீங்கள் வகுப்பிலும் மாநாட்டிலும் பல தடவை கேட்டிருப்பீர்கள். முதலில் கேட்டவன் நான்: "தலைவரு யாருன்னு தெரியணும்னா பேசுறவரப் பாக்காதீங்க. அவரு பேசி முடிச்சதும் மத்தவங்க யாரப் பாக்குறாங்கன்னு பாருங்க."

பிறகு அவர் மற்றக் குழுக்களின் கூட்டங்களிலும் போய்ச் சும்மா உட்கார்ந்தார். எல்லோருடைய கண்ணும் போகிற ஆளிடம் கவசத்தை முதலில் காட்டிய இடத்தில் அது மரத்தில் ஏறியிருந்தது. பெயருக்குத் தலைவராக இருந்தவரிடம் கொடுத்த இடத்தில் விறகுக்குப் போயிருந்தது. கட்டுரை எங்கள் இருவர் பெயரிலும், என் பெயர் முதலாகவே வெளிவந்தது. என்ன பயன்? அதை எல்லோரும் "பிலோமினாவின் ஆய்வு" என்றே சொன்னார்கள். என் வினாக்கொத்து அதில் ஓர் அட்டவணையாகச் சுருங்கிப்போயிருந்தது. நான் முறையிட்டபோது அவர் சிரித்தார். "கேட்டா பதில் சொல்லத்தாண்ணே செய்வாங்க. வீடு தேடி வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு நமக்குப் புடிச்ச பதிலாப் பாத்துச் சொல்வாங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கண்டுபிடிப்பு உலகத்துக்கு என்ன நன்மை செய்ததோ தெரியாது, என் நிம்மதியைக் கெடுத்துவிட்டது. அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கண்கள் எங்கே போகின்றன என்றே பார்க்க ஆரம்பித்தேன். நான் துறைத் தலைவரான நாளில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். கேக் வெட்டினார்கள், கை கொடுத்தார்கள். அடுத்த தவணை நேரசூசியை எப்படிப் போடுவது என்று பேச்சு வந்தது. நான் விளக்கமாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் இளம் விரிவுரையாளர் நிமாலி முதற்கொண்டு அத்தனை பேரும் ஜன்னலோரம் திரும்பினார்கள். அங்கே பிலோமினா கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரலிலிருந்த கிரீமைத் துடைத்துவிட்டு "ஹரி" என்றார். உடனே எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள்.

அந்தப் பதவிக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பித்துத் தோற்றிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். மகள் உயர்தரத்தில் எந்தப் பிரிவு எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, வர்த்தகப் பிரிவுதான் நல்லது என்று காரண காரியத்தோடு எடுத்துச் சொன்னேன். முகாமைத்துவம் படிப்பிக்கிறவன் நான். என் மனைவி பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "எதுக்கும் பிலோமினாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்" என்றாள். பிலோமினாவும் நான் சொன்னதையே சொன்னார். அதற்குப் பிறகுதான் அது எங்கள் வீட்டில் முடிவானது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டுவிட்டேன். தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அவிசாவளையில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தோம். மழை பெய்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. முந்தின நாள் கூட்டத்திலும் அதே ஜன்னலோரத் திருப்பம் நடந்திருந்தது.

"நான் பேசி முடிச்சதும் எல்லாரும் உங்களத்தான் பாக்குறாங்க. எனக்கு அது புடிக்கல பிலோமினா" என்றேன்.

"தெரியும்ணே" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இல்லை, அப்படியொன்றும் இல்லை அண்ணே என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். அவர் ஜன்னலைத் திறந்து ஒரு கொத்து ரம்புட்டான் வாங்கி என் மடியில் வைத்தார். பிறகு சொன்னார்: "எல்லாரும் யாரப் பாக்குறாங்கன்னு கவனிக்கிறீங்க. நீங்க பேசி முடிச்சிட்டு யாரப் பாக்குறீங்கன்னு என்னைக்காச்சும் கவனிச்சிருக்கீங்களா?"

நான் யாரையும் பார்ப்பதில்லை, பேசி முடித்தால் என் கோப்பை மூடுவேன் என்றேன். அவர் ரம்புட்டானை உரித்தபடியே, "ஹரி" என்றார். குருவிட்ட தாண்டும் வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. பாதி வழியில் தூங்கிவிட்டார்.

அடக்கப் பூசை அவருடைய தோட்டத்து மாதா கோயிலில் நடந்தது. துறைத் தலைவர் என்ற முறையில் நான் ஓர் உரை தயாரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பூசை முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கல்லறைகள் இருக்கும் சேமக்காலைக்குப் போகும் பாதை ரப்பர் மரங்களுக்கு நடுவே சறுக்கும் மண் பாதை. மழை விடும் வரை இருப்பதா, பெட்டியைத் தூக்குவதா என்று பாதிரியார் ஒன்று சொன்னார், பிலோமினாவின் தம்பி ஒன்று சொன்னார், தொழிற்சங்கத் தலைவர் ஒன்று சொன்னார். நானும் ஒன்று சொன்னேன். பேச்சு ஓய்ந்ததும் எல்லோருடைய கண்ணும் எங்கே போயிற்று என்று பார்த்தேன். தூணோரம் நனைந்துபோய் நின்றிருந்த சோமாவதியைப் பார்த்தார்கள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஹரி, தூக்குங்க. அதுக்கு மழ பழக்கந்தான்" என்றார். பெட்டியைத் தூக்கினார்கள். என் உரை பைக்குள்ளேயே ஊறிப்போனது. பிலோமினாவுக்குக் கடைசி வார்த்தை சொல்லும் பாக்கியம் சோமாவதிக்குக் கிடைத்தது என்று அங்கேயும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அழுதுகொண்டேதான் பொறாமைப்பட்டேன்.

அடுத்த வாரம் துறைக் கூட்டம் வந்தது. பீடாதிபதியும் வந்திருந்தார். குருவிட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிலோமினா தொடங்கிய ஆய்வு பாதியில் நின்றது. அதைச் செய்யக்கூடியவர் போய்விட்டார், நிறுத்திவிடுவதே மரியாதை என்று பீடாதிபதி நினைத்தார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்திருக்கும். அவருடைய முறை அவரோடு முடிந்திருக்கும், வினாக்கொத்துக்கள் திரும்பி வந்திருக்கும். ஆனால் பீடாதிபதி அப்படிச் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிலோமினாவின் வேலை வேறு யாராலும் முடியாத வேலை என்று நான் இருக்கும்போதே சொல்வதா?

எழுந்து பேசினேன். அதை நிறுத்தக் கூடாது என்றேன். அவர் செய்தது போலவே ஒவ்வொரு கூட்டத்திலும் போய் உட்காருவோம், நான் உட்காருகிறேன் என்றேன். கட்டுரை வரும்போது அவர் பெயர் முதலில் இருக்கும் என்றும் சொன்னேன். இத்தனை வருடங்களில் நான் குறிப்புப் பார்க்காமல் பேசியது அன்றுதான். நன்றாகப் பேசினேன். பேசி முடித்து உட்கார்ந்தேன். அறை அமைதியாக இருந்தது. கடைசியில் பீடாதிபதி தொண்டையைச் செருமி, அப்படியே செய்யுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் நிமாலி பின்னாலேயே வந்தாள். "சேர், நாங்க எல்லாரும் உங்களையே பாத்துக்கிட்டு இருந்தோம். நீங்க 'ஹரி' சொல்லி முடிச்சு வைப்பீங்கன்னு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

நான் எத்தனை காலமாகக் காத்திருந்த பார்வை அது. ஒரு அறை நிறைய ஆட்கள் என்னைப் பார்த்திருக்கிறார்கள், நான் அதைப் பார்க்கவில்லை. என் கோப்பு திறந்தபடியே கிடந்தது. நான் ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவிசாவளை பஸ்ஸில் அவர் கேட்ட கேள்விக்கு விடை அதுதான். அவர் அதை எப்போதோ அறிந்திருந்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் பேசி முடித்துவிட்டு முதலில் நான்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் என் கண் போன வழியே போயிருக்கிறார்கள்.

அவருடைய அன்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வியை என்னிடம் மட்டும்தான் கேட்டார். அதை நான் யாருக்கும் பங்கு தரமாட்டேன். போன வாரம் பியோன் வந்து, ஜன்னலோரத்து நாற்காலியை எடுத்துவிட்டு அங்கே ஓர் அலுமாரி வைக்கலாமா என்று கேட்டார். அது அங்கேயே இருக்கட்டும் என்றேன். அறையில் எல்லோரும் இருந்தார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.