பெரியம்மா சொல்லாத பதில்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. சபையில் ஜெபிக்கச் சொன்னால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன். அப்படிப்பட்டவள் பேனாவைத் தொட்டதைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்னவாசல் பக்கம் எங்கள் ஊரில் ஓடு போட்ட சின்ன தேவாலயம் ஒன்று இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு போதகர் வந்து திருவிருந்து கொடுப்பார். முந்தின நாள் சாயங்காலம், மனத்தாங்கல் உள்ளவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது எங்கள் தெருவின் வழக்கம். போனவர், "ஏதும் மனசுல இருந்தா மன்னிச்சுக்கங்க" என்பார். வீட்டுக்காரர், "நீங்களும் என்னைய மன்னிச்சுக்கங்க" என்று பதில் சொல்லியாக வேண்டும். பிறகு காபி. திங்கட்கிழமை பழையபடி சண்டை போட அது யாருக்கும் தடையாக இருந்ததில்லை.

நான் ஐந்தாவது படித்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். நாள் மாற்றித் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஆனால் எங்கள் முறையிலும் பெரியம்மாவே பாய்ச்சிக்கொண்டாள். அண்ணன் வீட்டை எப்படிக் கேட்பது என்று அப்பா வாயைத் திறக்கவில்லை. எங்கள் கடலைச் செடி பூவோடு கருகியது.

ஒரு நாள் பெரியம்மாவின் பச்சைக் கடலைக்குள் எங்கள் மாடு இறங்கிப் பாதியைத் தின்றுவிட்டது. கயிறு அறுந்துவிட்டது என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள்.

அந்த மாதத் திருவிருந்துக்கு முந்தின சாயங்காலம் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே நின்றாள்.

"மாடு கயித்த அத்துக்கிட்டுப் போகலக்கா. நான்தான் அவுத்து விட்டேன். மன்னிச்சுக்கங்க."

பெரியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். பதில் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏய், எல்லாரும் கேட்டுக்கங்கடி! மாடு மேயல, மகராசிதான் மேஞ்சிருக்கா!"

பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். அம்மா நகரவில்லை.

"நீங்க ஒண்ணும் சொல்லலையேக்கா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நானா மாட்ட அவுத்து விட்டேன்?"

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா முதல் வரிசையில் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டாள். எங்கள் வரிசையின் முறை வந்தது. அம்மா எழுந்து பாதி தூரம் போனாள். அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அப்பா குனிந்து, "அதான் மன்னிப்புக் கேட்டாச்சுல்ல? அவுக பதில் சொல்லாட்டி நீ என்ன பண்ணுவ? எந்திரிச்சுப் போ" என்றார்.

"நான் எங்க கேட்டேன்? அவுகள கேக்க வைக்கத்தான் போனேன்."

"வெளங்குற மாதிரிப் பேசு."

"அவுக செஞ்சதுக்கு அவுக சொல்லிக்கிருவாக. அவுத்து விட்ட கை என் கை. இப்பவும் அவுத்து விடலாம்னுதான் இருக்கு. இந்தக் கைய எப்புடிங்க நீட்டுறது?"

போதகர் கிண்ணத்தை வெள்ளைத் துணியால் மூடினார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். எனக்குப் பெரியம்மாவைக் கல்லால் அடிக்க வேண்டும் போலிருந்தது. இத்தனை பேர் நடுவில் அம்மாவை அழவைத்தது அவள்தானே என்று நினைத்தேன். அந்த நேரம் அம்மாவின் கண்ணில் பெரியம்மாவே இல்லை, ஊரும் இல்லை, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த நானும் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை, மாடு தின்ற கடலைக்கு ஈடு கட்ட, அம்மா விராலிமலைக்குச் சித்தாள் வேலைக்குப் போனாள்.