விழுந்ததைத் தூக்கச் சரவணன், விழாமல் பார்க்க நான்

என் தொழில், இன்னும் நடக்காத விபத்துக்கு இன்றைக்கே வழி எழுதி வைப்பது. தீயணைப்பு வண்டியில் வந்து இறங்குகிறவரை ஊரே கும்பிடும். அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தவரை யாரும் கும்பிடுவதில்லை. நான் அடுப்பை அணைக்கிற ஆள். மின்கம்பியில் உரசுமுன்னே கிளையை வெட்டுகிறவர்கள், மதகுக்கு எண்ணெய் போடுகிறவர்கள், தடுப்பூசி போடும் நர்சுகள் எல்லோரும் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

சேலத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருக்கிறேன். போர்வெல் போடும் ரிக் கம்பெனி, லாரி ஆபீஸ், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரி, கோழித் தீவன மில் ஆகியவை எங்கள் வாடிக்கையாளர்கள். முன்பு அவர்களுடைய கணக்கெல்லாம் ஆபீஸ் மேஜைக்கு அடியில் ஒரு பெட்டியில் கிடந்தது. இப்போது கிளவுடில், அதாவது எங்கோ தூரத்தில் வேறொருவர் வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. பாஸ்வேர்டும் போனுக்கு வரும் ஓடிபியும் இருந்தால் எங்கிருந்தும் திறக்கலாம். லைன் அறுந்தால், போன் தொலைந்தால், அந்தத் தூரத்துக் கம்ப்யூட்டரே படுத்துக்கொண்டால், உள்ளே போக வேண்டியவர் எப்படிப் போவது, போகக் கூடாதவரை எப்படி வெளியிலேயே நிறுத்துவது என்று எழுதிக் கொடுப்பவன் நான். அதற்கு முன் ஒரு நாளிதழில் பல வருடம் துணை ஆசிரியர். "இஞ்சினியருங்க எழுதினா இஞ்சினியருங்களுக்கே புரியலை, நீங்க வந்து எழுதுங்க" என்று எங்கள் முதலாளி ஆரோக்கியம் சார் கூட்டிவந்தார்.

நான் எழுதியதையும் மீறி ஏதாவது விழுந்தால், பைக்கில் போய்த் தூக்கி நிறுத்துபவன் சரவணன். என்னைவிட ரொம்பச் சின்னவன். என்னை அண்ணா என்பான். நல்லவன். அதுதான் சிக்கலே. கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவனைப் பார்த்துப் பொறாமைதான் பட முடிகிறது.

போன வருடம் நாமக்கல்லில் ஒரு கிளை திறப்பதென்று முடிவானது. என் வீடு நாமக்கல்லில். தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே சேலம் போய்வருகிறவன். கிளைப் பொறுப்பாளர் நாற்காலி எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லியும்விட்டேன். ஆரோக்கியம் சார் வேறு மாதிரி நினைத்தார். "ஒண்ணு நீங்க, இல்லைன்னா சரவணன். பார்ட்டிங்களையே கேட்டுடுவோம். யாரைச் சொல்றாங்களோ அவர்தான்" என்றார். அன்றிலிருந்து பார்ட்டிகளின், அதாவது வாடிக்கையாளர்களின், வாயைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அறுந்த கேபிள்

அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு சேகோ ஃபேக்டரி. சாலையைத் தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளை வாரி எடுத்துவிட்டார்கள். அந்த வட்டாரம் முழுக்க நெட் நின்றுபோனது. நம் ஃபேக்டரிக்கு மட்டும், வேறு கம்பெனியின் லைன் ஒன்றை வேறு தெரு வழியாக இழுத்துவைக்கும்படி முன்பே எழுதியிருந்தேன். ஒன்று அறுந்ததும் மற்றது தானாகப் பிடித்துக்கொண்டது. பில் போடுகிற பெண்ணுக்கு ஒரு எழுத்துகூடத் தடைப்படவில்லை. என் எழுத்து வாழ்க்கையின் உச்சம் அது.

பாராட்டை நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன். கேபிள் அறுந்த விஷயமே ஃபேக்டரி முதலாளிக்குத் தெரிந்திருக்கவில்லை. நான்தான் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். ஏரி உடைந்தால்தான் செய்தி, உடையாத ஏரிக்கு யாரும் தலைப்புப் போடுவதில்லை என்பது நாளிதழில் இருந்த எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "அறுந்துதா? எங்களுக்கு நெட்டு நல்லாத்தானே வந்துச்சு. பக்கத்து ஃபேக்டரிலதான் பாவம் தவிச்சுப் போயிட்டாங்க. உங்க சரவணன் வந்து சரி பண்ணாராமே. நாங்களும் வருஷக்கணக்கா உங்க கம்பெனியிலதான் இருக்கோம், அந்தப் புள்ள ஒருதடவைகூட இங்க வந்ததில்லை."

பூ கேட்டது

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனி. வண்டிகளெல்லாம் வடக்கே போர்வெல் போட்டுக்கொண்டிருக்கும். ஆபீஸை நடத்துவது முதலாளியம்மா. அந்தக் கம்பெனியின் கணக்கில் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பதை முடிவுசெய்ய, விரல் நீளத்தில், பென் டிரைவ் போன்ற ஒரு சாவியைக் கம்ப்யூட்டரில் செருக வேண்டும். தீ, வெள்ளம், திருட்டு எதிலும் மாட்டாமல் இருக்க, சாவி இரண்டு இருக்கட்டும், ஒன்று ஆபீஸில், ஒன்று வீட்டில் என்று எழுதியிருந்தேன். பண்டிகையைப் பற்றி எழுதவில்லை.

ஆயுத பூஜை அன்று சத்தீஸ்கரில் இருந்த ரிக் மேனேஜரின் போன் சேற்றில் விழுந்து செத்துப்போனது. புதுப் போனை இங்கிருந்து அனுமதித்தால்தான் அவரால் ஆப்பைத் திறக்க முடியும். ஆப்பில் பதிந்தால்தான் பெட்ரோல் பங்கில் வண்டிக்கு டீசல் விடுவார்கள். நான் ஓடினேன். வீட்டில் இருக்க வேண்டியதும் சேர்ந்து இரண்டு சாவிகளும் சந்தனம், குங்குமத்தோடு ஸ்பேனர்களுக்கு நடுவே சாமி படத்தின் முன்னால் இருந்தன. "ஏனுங்க, பூஜைக்கு வெச்சதை மறுபூஜை முடியாம எப்படிங்க தொடறது? காலைல எடுத்துக்கலாமுங்க" என்றார் முதலாளியம்மா. வண்டி நிற்கிறது என்றேன். "ஒரு வண்டிதானுங்களே. சாமி கோவிச்சுக்கிட்டா அத்தனை வண்டியும் நிக்குமுங்க" என்றார். சரவணனுக்குப் போன் போட்டேன்.

சரவணன் வந்தான். வாதாடவே இல்லை. "நாம ரெண்டு பேரும் எதுக்குங்கம்மா பேசிக்கிட்டு? அம்மனையே கேட்டுப்போடலாமுங்க" என்றான். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து சாமி முன்னால் போட்டான். வெள்ளை வந்தால் எடுக்கலாம். முதலாளியம்மாவையே ஒன்றை எடுக்கச் சொன்னான். வெள்ளை வந்தது. அவரே சாவியைக் கண்ணில் ஒற்றி எடுத்துக் கொடுத்தார். சாவியின் முனையில் அப்பியிருந்த சந்தனத்தைச் சரவணன் ஊக்கால் சுரண்டிவிட்டுச் செருகினான். சத்தீஸ்கரில் வண்டி டீசல் போட்டது. சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று வெளியே வந்து கேட்டேன். "வராதுங்கண்ணா" என்றான். அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது. வழியனுப்ப வந்த முதலாளியம்மா என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, ஆலோசனையாகத்தான் சொன்னார்: "எல்லாம் எழுதியிருக்கறீங்க, சாமிகிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னு எழுதலீங்களே."

அடுத்த பதிப்பில் சேர்த்துவிட்டேன்.

ஒத்திகை

எழுதிவைத்தது வேலை செய்கிறதா என்று பார்க்க, நல்ல நாளிலேயே வழக்கமான வழியை நாமே அடைத்துவிட்டு, மாற்று வழியில் எல்லோரும் உள்ளே வருகிறார்களா என்று பார்க்க வேண்டும். எருமப்பட்டித் தீவன மில்லில் அப்படி ஒரு ஒத்திகை வைத்தேன். மேனேஜர் குமாரசாமியிடம் முன்பே விளக்கினேன். தலையாட்டினார். வழியை அடைத்துவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

மாற்று வழியில் யாரும் வரவில்லை. வேறு பக்கம் கைதட்டல் கேட்டது. போய்ப் பார்த்தால் சரவணன். ஏதோ வேலையாக நாமக்கல் வந்திருந்தவனுக்கு மில்லில் எல்லோரும் சேர்ந்து போன் போட்டிருக்கிறார்கள். அவனுக்கு ஒத்திகை விஷயம் தெரியாது. அடைப்பைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டான். ஒரு தட்டு முட்டையைக் கட்டிக் கொடுத்தார்கள். விஷயம் தெரிந்ததும் கூசிப்போய், "பாதி எடுத்துக்கங்கண்ணா" என்றான். எடுத்துக்கொண்டேன். ஆம்லெட் நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

இந்த ஒத்திகை கணக்கில் வராது, இன்னொன்று வைக்க வேண்டும் என்று குமாரசாமியிடம் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக இடம் கொடுத்தார். "நீங்க எப்ப வேணாலும் வந்து கெடுத்து உடுங்க. முன்னாடியே சரவணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லீட்டு வாங்க, அவ்வளவுதானுங்க."

ஜேடர்பாளையத்து மீன்

குமாரபாளையத்தில் பெட்ஷீட் நெய்து அனுப்பும் ஒரு முதலாளி, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஜேடர்பாளையம் படுகை அணைக்குக் குளிக்கப் போனார். போன் ஆற்றோடு போய்விட்டது. குமாரபாளையத்தில் கம்பெனி கேட்டில் லோடு வண்டி நிற்கிறது. அவர் கம்ப்யூட்டர் கணக்குக்குள் போய் அனுமதி போட்டால்தான் பில் வரும். மீன் வறுக்கும் கடைக்காரரின் போனை வாங்கி, ஆபீஸ் கணக்காளர் செல்வியை அழைத்து, இந்த நம்பருக்கு ஓடிபி வருகிற மாதிரி மாற்றிக் கொடு என்றார்.

"உங்க குரல் மாதிரித்தாங்க இருக்குது. ஆனா குரலை நம்பக் கூடாதுன்னு எழுதியிருக்குங்க" என்றது அந்தப் பெண்.

"உனக்குச் சம்பளம் குடுக்கறவனே நான்தாம்மா."

"ஏமாத்தறவங்களும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு போட்டிருக்குதுங்க."

என் எழுத்தை வரி விடாமல் ஒருவர் படித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் போனிலிருந்து வீடியோ காலில் முகத்தைக் காட்டினால் மாற்றலாம் என்பதும் நான் எழுதியதே. பரமத்தி வேலூரில் இருந்த சரவணன் போய்த் தன் போனில் முதலாளியின் முகத்தைக் காட்டினான். செய்தது அவ்வளவுதான். வறுத்த மீன் முழுதாக ஒன்று அவன் இலையில் விழுந்தது. சிலநாள் கழித்து முதலாளியைப் பார்த்து, அன்று செல்வி செய்தது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரிங்க, ஒத்துக்கறேன். ஆனா என் கம்பெனில எனக்கே கதவைச் சாத்துனது நீங்க, தொறந்து உட்டது அவரு. நான் யாரை நெனச்சுக்கறது, நீங்களே சொல்லுங்க."

நாற்காலி

கடைசியில் அந்த நாள் வந்தது. ஆரோக்கியம் சார் எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்து, போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜைமேல் வைத்து, ஒவ்வொரு பார்ட்டியாகக் கூப்பிட்டார். எல்லோரும் சரவணனையே புகழ்ந்தார்கள். குமாரசாமி நிறுத்தவே இல்லை. இன்றைக்கு வீட்டில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன். சரவணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருச்செங்கோட்டு முதலாளியம்மாவிடம் ஆரோக்கியம் சார் நேராகவே கேட்டார்: "அப்போ நாமக்கல் கிளைக்குச் சரவணனையே போட்டுடலாங்களா? அங்கேயே ஆபீஸ்ல இருந்து பார்த்துக்குவார்."

அவர் சொன்ன பதிலையே, அதற்குப் பின் கூப்பிட்ட எல்லோரும் ஏறக்குறைய அப்படியே சொன்னார்கள்: "அந்தக் காரியம் மட்டும் பண்ணீராதீங்க சாமி. அவரை நாற்காலில உக்கார வெச்சுப்போட்டா, ஒண்ணுன்னா எங்களுக்கு யாருங்க ஓடி வருவாங்க? அந்த எழுதறவரையே உக்கார வெச்சிருங்க. அவரு இங்க வந்தாலும் சும்மாதானுங்க உக்காந்திருக்காரு."

ஆக, நாமக்கல் நாற்காலியில் இப்போது நான்தான் இருக்கிறேன். ஜெயித்த பிறகும் தோற்றவனைப் பார்த்துப் பொறாமைப்பட வைக்கிற தொழில், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.