படகுத் துறையில் போட்ட முடிச்சு

ஏரிக்கரையில் அவளை எல்லாரும் ஜாக்கெட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டு, தையல்காரி என்று நினைத்துக் கிழிந்த சட்டையை நீட்டியவர்களும் உண்டு. அவளுக்குத் தைக்கத் தெரியாது. படகில் ஏறுகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வாரை இழுத்துப் பூட்டி அனுப்புவதுதான் அவள் வேலை.

ஏரி மலையின் வெகு உயரத்தில் இருந்தது. பேருந்து வளைந்து வளைந்து ஏறி, பாதிப் பேர் வாந்தியெடுத்து ஓய்ந்த பிறகு, கடைசித் திருப்பத்தில் சட்டென்று கண்ணில் படும். மூன்று பக்கமும் பனி மூடிய சிகரங்கள், கீழே கறுத்த ஊசியிலைக் காடு, நடுவே காலையில் நீலமும் உச்சிவேளையில் பச்சையுமாக மாறுகிற தண்ணீர். வாயைத் துடைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். பிறகு எல்லாரும் ஒரேயடியாகப் பேசுவார்கள்.

அவள் கணவர் குதிரைக்காரர். இரண்டு குதிரைகளில் வருகிறவர்களை ஏற்றிக் கரையோரமாகக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவருவார். அவளுக்கோ துறையை விட்டு நகர நேரம் இருக்காது. வாய் மட்டும் ஓயாது. தொப்பை பெருத்தவர்களிடம், "மூச்சை உள்ள இழுங்க சார், ஏரி நடுவுல போய் விட்டுக்கலாம்" என்பாள். அவர்கள் சிரிக்கிற சமயம் பார்த்து வாரை இழுத்துவிடுவாள்.

அந்த வருடம் ஜாக்கெட்டுகள் நைந்துபோயிருந்தன. பல வார்களில் கிளிப் உடைந்து தொங்கியது. படகுகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தவரிடம் அவள் சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணா, பாதிக்கு மேல கிளிப் இல்ல. கயிறு வெச்சுக் கட்டிட்டு இருக்கேன்."

"சீசன் முடியட்டும்மா. பனிக்காலத்துல மொத்தமா மாத்திடலாம்."

போன வருடமும் அவர் இதையேதான் சொன்னார்.

சீசன் முடியப்போகிற நேரத்தில் ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். கூடவே மாப்பிள்ளையின் அம்மா. தண்ணீர் என்றாலே பயம் என்று அந்த அம்மாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை நெட்டையான, கலகலப்பான ஆள். அவனுக்கு வாய்த்த ஜாக்கெட்டிலும் கிளிப் இல்லை. ஜாக்கெட் அக்கா நைலான் கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"பார்சல் கட்டற மாதிரி கட்டறீங்களேக்கா."

"பார்சல்னா பத்திரமா போய்ச் சேரணும்ல தம்பி."

புதுப்பெண் சிரித்தாள். படகு கிளம்பியது.

மதியத்துக்கு மேல் கணவாய் வழியாகக் காற்று இறங்குவது அங்கே வழக்கம். அன்று அது முன்னதாகவே வந்தது. தண்ணீர் கறுத்துச் சுருக்கம் விழுவதைப் பார்த்து அவள் கையை வீசிக் கத்தினாள். மற்ற படகுகள் திரும்பின. அந்தப் படகு நட்டநடுவில் இருந்தது. காற்று பக்கவாட்டில் அடித்து அதைப் புரட்டிப் போட்டது.

துடுப்புக்காரர் பெண்ணின் கையை எட்டிப் பிடித்துவிட்டார். மாப்பிள்ளையைக் காணவில்லை. அடுத்த படகு போய்ச் சேர்ந்தபோது அவனுடைய ஜாக்கெட் மட்டும் தனியாக மிதந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து துறைப் பலகையில் போட்டார்கள். நனைந்த கயிறு வழுக்கி, முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் பெஞ்சில் இருந்த அம்மாள், "எம்புள்ள எங்க? எம்புள்ள எந்தப் படகுல வரான்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை உடல் கிடைத்தது.

அதற்குள் குத்தகைக்காரர் பழைய ஜாக்கெட்டுகளை வேனில் அள்ளிப் போட்டு எங்கேயோ அனுப்பிவிட்டார். கீழே நகரத்திலிருந்து புது ஜாக்கெட்டுகள் வந்து கொக்கிகளில் வரிசையாகத் தொங்கின. அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"விசாரணைக்கு வருவாங்க. போட்டுத்தான் அனுப்பினேன், நடுவுல அவனாவே கழட்டிட்டான்னு சொல்லிடு. செத்தவன் வந்து இல்லைன்னா சொல்லப்போறான்?"

வீட்டில் கணவரும் அதையேதான் சொன்னார். குதிரைச் சேணத்தைத் துடைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஏரியை மூடிட்டா ஊரே கையைப் பிசைஞ்சுட்டு நிக்கும். நம்ம குதிரையும் சேர்த்துத்தான். உன்னை என்ன பொய் சத்தியமா பண்ணச் சொல்றாங்க? ஒரு வார்த்தை."

"சரி" என்றாள். அப்படிச் சொல்லிவிடுவதென்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

விசாரணை, விருந்தினர் விடுதியின் சாப்பாட்டு அறையில் நடந்தது. மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, சன்னலுக்கு முதுகு காட்டி அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஏரி பளபளத்தது. துடுப்புக்காரர் காற்றைப் பற்றிச் சொன்னார். ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டபோது, தான் முன்னால் பார்த்துத் துடுப்புப் போட்டதாகச் சொல்லி நழுவிக்கொண்டார். குத்தகைக்காரர் எழுந்து, மாப்பிள்ளை ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டார் என்று வருத்தமான குரலில் சொன்னார்.

அம்மாள் மருமகள் பக்கம் திரும்பினார்.

"போட்டோ நல்லா வரணும்னு நீதானேடி கழட்டச் சொன்ன? எங்க போனாலும் உனக்குப் போட்டோதானே?"

"இல்ல அத்தை."

"பின்ன அவனா கழட்டினான்? எதுக்குக் கழட்டினான்?"

"எனக்குத் தெரியல அத்தை. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

அந்தப் பெண்ணின் உதடு இன்னும் நீலம் பாரித்திருந்தது. யாரோ கொடுத்த பெரிய ஸ்வெட்டருக்குள் அவள் குறுகி உட்கார்ந்திருந்தாள். ஒருவேளை நான்தான் சொன்னேனோ என்று அவளே யோசிக்க ஆரம்பித்துவிட்டது முகத்தில் தெரிந்தது. கூடியிருந்த உறவினர்களில் யாரும் அவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.

ஜாக்கெட் அக்காவின் முறை வந்தது. அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. பெண்ணைப் பார்த்தே பேசினாள்.

"அந்தத் தம்பி கழட்டல. நீயும் கழட்டச் சொல்லியிருக்க மாட்டே. ஜாக்கெட்ல கிளிப் இல்ல. நான் கயிறு போட்டுக் கட்டினேன். நனைஞ்சு அவுந்துடுச்சு. துறையில தொங்கற புதுசெல்லாம் அதுக்கப்புறம் வந்தது."

குத்தகைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மாள் எழுந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தார். இரண்டாவது தடவை ஓங்கிய கையை யாரோ பிடித்துக்கொண்டார்கள்.

"நீ கட்டின முடிச்சுதானே. உன் கையால கட்டினதுதானே."

"ஆமாம்மா" என்றாள் ஜாக்கெட் அக்கா.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. சாயங்காலம் அவர்கள் உடலோடு கீழே போனார்கள். மருமகளை வேறு வண்டியில் ஏற்றினார்கள்.

படகுச் சவாரியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. குத்தகைக்காரர் சில நாள் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்து, வேறொரு மலையில் வேறொரு ஏரியைக் குத்தகைக்கு எடுத்தார். இங்கே பேருந்துகள் வருவது குறைந்தது. சூப் விற்றவர், கம்பளி விற்றவர், படம் எடுத்தவர், எல்லாரும் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். கடையில் அவள் எதைக் கேட்டாலும் இல்லை என்றார்கள். துடுப்புக்காரர் ஒருநாள் வழியில் மறித்து, "உன் நாக்கால எத்தனை அடுப்பு அணைஞ்சுதுன்னு எண்ணிப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பனிக்காலத்தில் தீவனம் கிடைக்காமல் ஒரு குதிரை இறந்தது. மற்றதைக் கணவர் விற்றுவிட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. அவளைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

கீழே பள்ளத்தாக்கு நகரத்துக்குப் போனார்கள். அவளுக்கு ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. படுக்கை விரிப்புகளில் ஒட்டியிருப்பது என்னவென்று பார்க்காமல் கொதிநீரில் போட அவள் பழகிக்கொண்டாள். கணவர் ஒரு கிடங்கில் காவலாளியானார். அங்கே அவளை யாரும் ஜாக்கெட் அக்கா என்று கூப்பிடவில்லை. யாரோடும் அவள் வேடிக்கையாகப் பேசுவதுமில்லை.

வேறொருவர் குத்தகை எடுத்து ஏரியில் மறுபடியும் படகுகள் ஓடத் தொடங்கின. மேலே இருந்த பழைய வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருந்ததால் ஒருநாள் இருவரும் பேருந்தில் ஏறினார்கள். கடைசித் திருப்பத்தில் எல்லாரும் சன்னல் பக்கம் சாய்ந்தார்கள். அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு வேலை சீக்கிரமே முடிந்தது. பேருந்துக்கு நேரம் இருந்தது. துறைப் பக்கம் போக வேண்டாம் என்று கணவர் காட்டுவழியாக எதிர்க்கரைக்குக் கூட்டிப்போனார். இத்தனை வருடத்தில் அவள் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. சிகரங்களின் நிழல் தண்ணீரில் அசையாமல் கிடந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள்.

"இந்தப் பக்கத்துலேர்ந்துதான் நல்லா இருக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்" என்றார் அவர்.

"என்கிட்ட சொன்னதில்லையே."

"நீ எங்க வந்த."

அவர் பாறையில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டினார். "நீ அன்னைக்குச் சொன்னது தப்புன்னு நான் சொல்லல. சொல்லாம இருந்திருக்கலாம்னுதான் இன்னைக்கும் நினைக்கறேன்."

"தெரியும்."

"அந்தப் பொண்ணு என்ன ஆனாளோ."

சலவைக்கூடத்தில் கொதிநீர்த் தொட்டி முன்னால் நிற்கும்போதெல்லாம் அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் ஊரோ பெயரோ அவளுக்குத் தெரியாது.

மரங்களின் நுனி அசைய ஆரம்பித்தது. அவர் எழுந்து, அவள் எழக் கை கொடுத்தார். இருவரும் வந்த வழியே பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்தார்கள்.